நேற்றைச் சேமித்து வைக்கும் கணினி

மாணவர்களே, சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருவர், நம்மைச் சுற்றி எப்போதும் இருந்துகொண்டிருக்கும் இயற்கைக் கதிரியக்கத்தைக் கைகர் எண்ணி கொண்டு அளந்துவந்தார். நிமிடத்திற்கு ஒரு முறை கருவி ஓர் எண்ணைக் கணினிக்கு அனுப்பும். கணினி அதை ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளும். 41 நாட்கள் இரவு பகலாக ஓடிய சோதனை அது. நாளுக்கு 1,440 நிமிடங்கள். ஆகவே மொத்தம் 59,040 அளவீடுகள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் அடுத்த சோதனையைத் தொடங்கிவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். புதிய கோப்புக்குப் புதிய பெயர் கொடுக்க மறந்துபோனார். நிரல் பழைய கோப்பையே திறந்தது. அதிலிருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கியது.

திங்கட்கிழமை காலை விஷயம் தெரிந்தபோது அவர் அதிகம் கலங்கவில்லை. "பேக்கப்பில் இருக்கும் அல்லவா, சார்?" என்றார். இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். வேறொரு கட்டடத்தில் ஒரு காப்புக் கணினி வைத்திருந்தோம். இரவு 2 மணிக்கு அது எங்கள் கணினியோடு தொடர்பு கொண்டு, மாறியுள்ள கோப்புகளை எல்லாம் தன்னிடம் பிரதி எடுத்துக்கொள்ளும். போய்த் திறந்து பார்த்தோம். அங்கேயும் வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிந்தைய எண்களே இருந்தன! கோப்பு மாறியிருக்கிறது என்று கண்ட காப்புக் கணினி, அன்றிரவே பழையதன் மேல் புதியதை எழுதிவிட்டிருந்தது. அது தன் வேலையைப் பிழையில்லாமல் செய்திருந்தது என்பதுதான் இதில் வேதனையான செய்தி. அந்த மாணவி தேர்வு விடுமுறையில் ஊருக்குப் போகாமல் இன்னொரு 41 நாட்கள் அளந்தார்.

சேமித்த செய்திக்கு நேரும் விபத்துகள் இரண்டு வகை. வன்தட்டு பழுதடைவது, தீப்பிடிப்பது, மழைநீர் புகுவது போன்றவை ஒரு வகை. இவற்றுக்கு வேறோரிடத்தில் ஒரு பிரதி இருந்தால் போதும். மனிதனோ நிரலோ தவறாக எழுதிவிடுவது மற்றொரு வகை. இதற்கு எதிரே பிரதி ஒரு கண்ணாடியைப் போன்றது. நம் முகத்தில் மை பட்டால் கண்ணாடியில் தெரியும் முகத்திலும் மை இருக்கும். இங்கே நமக்கு வேண்டியது நேற்றைய முகம்.

அப்படியானால் தினமும் ஒரு புதிய பிரதி எடுத்துத் தேதி போட்டு வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு டெராபைட் செய்தியை 30 நாட்களுக்கு முழுமையாக வைத்திருக்க 30 டெராபைட் இடம் வேண்டும். நாளொன்றுக்கு உண்மையில் மாறுவது 6 கிகாபைட்தான் என்றாலும் இதே நிலைதான். நேரமும் பெரிய செலவு. விநாடிக்கு 150 மெகாபைட் படிக்கும் ஒரு வன்தட்டு, 4 டெராபைட்டை முழுவதும் படித்து முடிக்க 26,667 விநாடிகள், அதாவது ஏறத்தாழ 7 மணி 24 நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும்.

இடமும் நேரமும் பணத்தால் தீரக்கூடியவை. பணத்தால் தீராத மூன்றாவது தொல்லை ஒன்று உண்டு. பிரதி எடுக்கும் அந்த 7 மணி நேரமும் கணினி சும்மா இருப்பதில்லை. அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு கூட்டுறவு வங்கியின் பேரேட்டை ஓர் எழுத்தர் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10-ஆம் பக்கத்துக் கணக்கில் 2,000 ரூபாய் இருப்பதை எழுதிவிட்டு அவர் மேலே போகிறார். அவர் 200-ஆம் பக்கத்தில் இருக்கும்போது, 10-ஆம் பக்கத்துக்காரர் 400-ஆம் பக்கத்துக்காரருக்கு 500 ரூபாய் மாற்றுகிறார். எழுத்தர் 400-ஆம் பக்கத்துக்கு வரும்போது அந்த 500 அங்கே ஏறியிருக்கும். அவருடைய பிரதியைக் கூட்டிப் பார்த்தால் வங்கியில் 500 ரூபாய் கூடுதலாக இருக்கும்! பணம் எதிர்த்திசையில் மாறியிருந்தால் 500 குறைந்திருக்கும். ஆற்றல் அழிவின்மை விதியைப் படித்த நமக்கு இது உறுத்த வேண்டும். ஒவ்வொரு பக்கமும் சரியாக எழுதப்பட்டது. ஆயினும் பேரேடு எந்த ஒரு கணத்திலும் அந்த நிலையில் இருந்ததே இல்லை.

இதே சிக்கலைக் கணினி இல்லாமலே தீர்த்த ஒரு வழி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எடுப்பவர்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனார்கள். இருபது நாட்களில் எத்தனையோ பிறப்பு, எத்தனையோ இறப்பு. அந்த எண் எந்த நாளுடையது? முன்கூட்டியே ஒரு கணத்தை அறிவித்திருந்தார்கள்: மார்ச் 1, நள்ளிரவு 0 மணி. பிறகு மார்ச் 1 முதல் 5 வரை மறுபடியும் வீடுகளுக்குச் சென்று திருத்தினார்கள். பிப்ரவரி 27-இல் பிறந்த குழந்தை பட்டியலில் சேரும். மார்ச் 2-இல் பிறந்த குழந்தை சேராது. மார்ச் 2-இல் இறந்தவரின் பெயர் அடிக்கப்படாமல் இருக்கும். எண்ணுவதற்குப் பல நாட்கள் ஆனாலும், எண்ணப்படும் கணம் ஒன்றே.

வன்தட்டிலும் இப்படி ஒரு கணத்தைக் குறித்து நிறுத்துவதைத்தான் ஸ்னாப்ஷாட் என்கிறார்கள். நாம் இதைக் 'கணப்பதிவு' என்று அழைப்போம். ஒரு டெராபைட் தொகுதியின் கணப்பதிவை எடுக்கப் பொதுவாக ஒரு விநாடிகூடப் பிடிப்பதில்லை. 7 மணி நேர வேலை ஒரு விநாடியில் எப்படி முடியும்? இந்தப் பொருளில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். சற்று நிதானமாகப் பார்ப்போம்.

வன்தட்டின் இடம் சிறு சிறு சம கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டம் 4,096 பைட் என்று கொள்வோம். எந்தச் செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற முகவரிகளையும் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா? அவையும் கட்டங்களிலேயே எழுதப்படுகின்றன. எளிமைக்காக ஒரு முகவரி 8 பைட் என்று கொண்டால், ஒரு கட்டத்தில் 512 முகவரிகள் அடங்கும். இத்தகைய கட்டத்தை முகவரிப் பக்கம் என்போம். மேலே ஒரே ஒரு முகவரிப் பக்கம். அது 512 பக்கங்களைச் சுட்டும். அவை ஒவ்வொன்றும் மேலும் 512 பக்கங்களைச் சுட்டும். அந்த மூன்றாம் நிலைப் பக்கங்கள் ஒவ்வொன்றும் 512 செய்திக் கட்டங்களைச் சுட்டும். 512 × 512 × 512 = 13,42,17,728 கட்டங்கள்; ஏறத்தாழ 550 கிகாபைட். மூன்றே அடுக்கில் இவ்வளவு! உச்சியிலுள்ள அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் தொகுதி முழுவதும் கையில் இருப்பதாகப் பொருள். அதை வேர்ப்பக்கம் என்று சொல்வோம்.

இனி ஒரே ஒரு விதியைச் சேர்க்கிறோம். எழுதிய கட்டத்தின் மேல் ஒருபோதும் திரும்ப எழுதக் கூடாது. ஒரு செய்திக் கட்டம் மாற வேண்டுமானால், புதிய செய்தியை வெறுமையாக உள்ள வேறொரு கட்டத்தில் எழுது. முகவரி மாறிவிட்டதால் அதைச் சுட்டிய பக்கத்தையும் புதிதாக எழுது. அதற்கு மேலுள்ளதையும், வேரையும் அவ்வாறே எழுது. ஆக ஒரு கட்டம் மாறினால் எழுதப்படுபவை நான்கு கட்டங்கள். (நடைமுறையில் சில விநாடிகளில் வந்த மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்து எழுதுவார்கள், அப்போது செலவு வெகுவாகக் குறையும்.) இப்போது தட்டில் இரண்டு வேர்கள் இருக்கின்றன. புதிய வேரின் வழியே போனால் இன்றைய நிலை. பழைய வேரின் வழியே போனால், மாற்றத்துக்கு முந்தைய நிலை, அப்படியே! மாறாத கட்டங்களை இரண்டு வேர்களும் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்கின்றன.

சாதாரணமாகப் பழைய வேர் கைவிடப்படும். அதற்கு மட்டுமே உரிய கட்டங்கள் வெற்றிடமாகக் கருதப்பட்டு மறுபடி பயன்படும். கணப்பதிவு எடுப்பது என்றால் அப்படிக் கைவிடாமல் இருப்பது, அவ்வளவுதான். எதுவும் பிரதி எடுக்கப்படவில்லை. "இந்த வேரையும் இதன் கீழுள்ள எதையும் தொடமாட்டேன்" என்று கணினி ஒரு வாக்குக் கொடுக்கிறது. வாக்குக் கொடுக்க ஒரு விநாடி எதற்கு?

முன்பு சொன்ன கணக்கு இப்போது எப்படி மாறுகிறது பாருங்கள். ஒரு டெராபைட், நாளுக்கு 6 கிகாபைட் மாற்றம், 30 நாட்கள்: 1,000 + 180 = 1,180 கிகாபைட். முப்பது டெராபைட் எங்கே, இது எங்கே!

இந்த முறையை விளக்கிய புகழ்பெற்ற ஆய்வுரை 1994-இல் வெளிவந்தது. எழுதியவர்கள் டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம். அவர்கள் அமைத்த கோப்பு முறையின் பெயர் வாஃபில். பிறகு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மாத்யூ ஆரன்ஸ் ஆகியோர் 2001-இல் தொடங்கிய இசட்.எஃப்.எஸ். 2005-இல் வெளியாயிற்று. லினக்ஸ் கணினிகளுக்கான பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்பதை 2007-இல் கிரிஸ் மேசன் தொடங்கினார். இவை எல்லாவற்றிலும் அடிப்படை இதே வேர்ப்பக்க உத்திதான்.

வேறொரு வழியும் உண்டு. லினக்ஸின் எல்.வி.எம். என்ற தொகுதி மேலாளரின் பழைய முறையில் செய்தி இருந்த இடத்திலேயே எழுதப்படும். ஆனால் அதற்கு முன் அங்கிருந்த பழைய செய்தி, கணப்பதிவுக்கென ஒதுக்கிய ஓர் இடத்திற்கு எடுத்துச் செல்லப்படும். ஒரு முறை எழுத வேண்டிய இடத்தில் ஒரு படிப்பும் இரண்டு எழுத்துகளும் ஆகின்றன. ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் கணப்பதிவு பயனற்றுப் போகும். சில மணி நேரத் தேவைக்கு நல்லது. மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணப்பதிவு தட்டில் இருப்பதை மட்டுமே அறியும். கணினியின் நினைவகத்தில் இன்னும் எழுதப்படாமல் இருப்பது அதற்குத் தெரியாது. அந்தக் கணத்தில் மின்சாரம் நின்றுபோனால் தட்டு எந்த நிலையில் இருக்குமோ, அந்த நிலையே பதிவாகும். மின்தடைக்குப் பின் தானே சரிசெய்துகொண்டு எழும் திறன் நல்ல தரவுத்தளங்களுக்கு உண்டு. ஆகவே அவை கணப்பதிவிலிருந்தும் எழுந்துவிடும். அந்தத் திறன் இல்லாத நிரல்களை ஒரு விநாடி நிறுத்திவைத்துவிட்டுத்தான் கணப்பதிவு எடுக்க வேண்டும்.

இவ்வளவும் இருந்தால் காப்புக் கணினி எதற்கு என்று தோன்றுகிறதா? மறந்துவிடாதீர்கள்: பழைய வேரும் புதிய வேரும் ஒரே தட்டில் இருக்கின்றன, மாறாத கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கின்றன. தட்டு பழுதானால் முப்பது நாட்களும் ஒரே நேரத்தில் போகும். பிரதி முதல் வகை விபத்துக்கு மருந்து; கணப்பதிவு இரண்டாம் வகைக்கு மருந்து. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஏற்ற இடம்தான் காப்புக் கணினி. இரவு பிரதி வந்து சேர்ந்ததும் அது தன் தொகுதியின் கணப்பதிவை எடுத்துத் தேதியிட்டு வைத்துக்கொள்கிறது. எங்கள் மாணவியின் கோப்பின் மேல் சனிக்கிழமை அதிகாலை புதிய எண்கள் எழுதப்பட்டிருந்தாலும், அதற்கு முந்தைய இரவின் வேர் பழைய எண்களைப் பிடித்துவைத்திருக்கும். ஐந்து நிமிடத்தில் கோப்பைத் திரும்ப எடுத்திருக்கலாம்.

இரு கணினிகளிலும் வேர்ப்பக்க முறை இருந்தால் இன்னொரு வசதி கிடைக்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கண்டுபிடிக்கத் தொகுதி முழுவதையும் ஒப்பிட வேண்டியதில்லை. இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு முகவரியோடும் அந்தக் கட்டம் எப்போது எழுதப்பட்டது என்ற வரிசை எண்ணையும் குறித்து வைக்கிறது. பிறந்த தேதி போல. கீழே ஒரு கட்டம் மாறினால் மேலுள்ள பக்கங்கள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டே ஆக வேண்டும் என்று பார்த்தோம். இதைத் திருப்பிச் சொல்லுங்கள்: ஒரு முகவரிப் பக்கம் நேற்றைய கணப்பதிவுக்கு முன் பிறந்ததாக இருந்தால், அதற்குக் கீழே எதுவுமே மாறியிருக்க முடியாது! இரண்டாம் நிலைப் பக்கம் ஒன்று பழையது என்று கண்டவுடனே அதன் கீழுள்ள 2,62,144 கட்டங்களைப் பார்க்காமலே விட்டுவிடலாம். மாறிய 6 கிகாபைட்டை மட்டும் பொறுக்கி, விநாடிக்கு 110 மெகாபைட் போகும் கம்பியில் அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது.

இது காகிதக் கணக்கு அல்ல என்பதற்கு ஒரு சான்று. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் தரவுத்தளத்தின் துணைக் கணினி முதன்மைக் கணினியோடு ஒத்துப்போகாமல் தொல்லை கொடுத்தது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், துணைக் கணினியில் இருப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மைக் கணினியிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஆனால் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 கிகாபைட்தான்.

காப்புப் பிரதியைத் தேடினார்கள். தினமும் எடுக்கப்பட்டு வந்ததாக எண்ணியிருந்த பிரதிகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது! பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பு 9.2, தரவுத்தளத்தின் பதிப்பு 9.6. பொருந்தாததால் கருவி பிழை சொல்லி நின்றுகொண்டிருந்திருக்கிறது; அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது எல்.வி.எம். கணப்பதிவு ஒன்று. சுமார் 6 மணி நேரத்துக்கு முன், வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் தற்செயலாக அதை எடுத்து, சோதனைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். அங்கிருந்து திரும்பக் கொண்டுவர ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. சோதனைக் கணினியின் தட்டுகள் மெதுவானவை. இடைப்பட்ட 6 மணி நேரச் செய்தி போனது போனதுதான். நடந்ததை எல்லாம் அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டது. எனக்கு அந்த அறிக்கை மேல் மிகுந்த மதிப்பு உண்டு. கணப்பதிவு எடுக்கப்பட்டிருந்ததோடு, அதன் பிரதி வேறொரு கணினியில் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

அதே 2017-ஆம் ஆண்டு மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற நச்சு நிரல் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதோடு, விண்டோஸ் கணினி தன்னுள்ளே வைத்திருந்த கணப்பதிவுகளையும் தேடி அழித்தது. வீட்டுக்குள்ளேயே சாவியை மாட்டி வைத்தால் திருடன் கையிலும் அது கிடைக்கும். ஆகவேதான் காப்புக் கணினியின் கணப்பதிவுகளை அழிக்கும் உரிமையை முதன்மைக் கணினிக்குக் கொடுப்பதில்லை. முதன்மைக் கணினி அனுப்புவதைவிட, காப்புக் கணினி தானே வந்து எடுத்துக்கொள்வது மேல். நச்சு நிரல் பூட்டிய கோப்புகளும் ஓர் இரவில் வந்து சேரும்தான். ஆனால் அவை புதிய கட்டங்களில் எழுதப்படும், முந்தைய வேர்களைத் தொட இயலாது. நாள்தோறும் 6 கிகாபைட் வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று 600 வந்தால், அதுவே ஓர் அபாய மணி.

கணப்பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது? மணிக்கு ஒன்று வீதம் 24, நாளுக்கு ஒன்று வீதம் 30, மாதத்திற்கு ஒன்று வீதம் 12 என்று வைத்து, பழையவற்றை நீக்கிக்கொண்டே வருவது ஒரு நடைமுறை. நீக்குவதில்தான் புதிதாகப் பழகுவோர் தடுமாறுகிறார்கள். தட்டு நிரம்பிவிட்டதே என்று 50 கிகாபைட் கோப்பை அழிப்பார்கள். காலியிடம் சிறிதும் கூடாது! கோப்பு இன்றைய வேரிலிருந்து போயிற்று. நேற்றைய வேர் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதை நீங்களே எட்டுத் துண்டுச் சீட்டுகளை வைத்துச் செய்து பார்க்கலாம். சீட்டுகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணிட்டு மேசை மேல் பரப்புங்கள். இவை செய்திக் கட்டங்கள். ஒரு தாளில் 1, 2, 3, 4, 5, 6, 7, 8 என்று எழுதுங்கள். இது திங்கட்கிழமையின் வேர். செவ்வாயன்று மூன்றாம் இடத்துச் செய்தி மாறுகிறது. சீட்டு 3-ஐத் தொடாமல், சீட்டு 9-ஐப் புதிதாகச் சேர்த்து, இரண்டாவது தாளில் 1, 2, 9, 4, 5, 6, 7, 8 என்று எழுதுங்கள். புதனன்று மூன்றாம் இடமும் ஆறாம் இடமும் மாறுகின்றன. மூன்றாவது தாள்: 1, 2, 10, 4, 5, 11, 7, 8. பதினொரு சீட்டுகள், மூன்று நாட்கள். எந்தத் தாளிலும் இடம்பெறாத சீட்டை மட்டுமே கிழித்தெறியலாம் என்பது விதி.

இப்போது செவ்வாய்க்கிழமைத் தாளைக் கிழித்துவிடுங்கள். எந்தச் சீட்டு வெளியேறும்? சீட்டு 9 மட்டும். அடுத்துத் திங்கட்கிழமைத் தாளையும் கிழித்தால் 3, 6 ஆகிய இரண்டும் வெளியேறும். இனி எல்லாவற்றையும் முன்போல் பரப்பி, வரிசையை மாற்றித் திங்கட்கிழமைத் தாளை முதலில் கிழித்துப் பாருங்கள். இம்முறை சீட்டு 3 மட்டுமே வெளியேறுகிறது. சீட்டு 6 மேசையிலேயே இருக்கிறது. ஏன் என்று கண்டுபிடித்த பிறகு, இதற்கு விடை தேடுங்கள்: நூறு கணப்பதிவுகள் வரிசையாக இருக்கும்போது நடுவிலுள்ள ஒன்றை நீக்க வேண்டும். எந்தெந்தக் கட்டங்கள் வெளியேறும் என்று அறிய நூறு வேர்களையும் பார்க்க வேண்டுமா, அல்லது அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டை மட்டும் பார்த்தால் போதுமா?